மலை இறங்கிய வழிகள்: மரப்பாலத்திலிருந்து சாலியாறு வரை

ஞாயிறு, மரப்பாலம்

1993 நவம்பர் 11. மேட்டுப்பாளையம் - குன்னூர் ரோட்டில் மரப்பாலம் பக்கம் மலை சரிந்தது. ரோட்டையும் ரயில் பாதையையும் அறுத்துக்கொண்டு சேறும் பாறையுமாகப் பள்ளத்தில் இறங்கியது. பஸ்ஸில் வந்தவர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அடைமழைக் காலத்தில் யாராவது ஊட்டிக்குக் கிளம்பினால், "மரப்பாலத்தைத் தாண்டினதும் ஒரு போன் போடு" என்று இன்றும் சொல்கிறார்கள்.

நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஏறி, மேற்கே கூடலூர் வழியாக வயநாட்டுக்குப் போய், கடைசியில் நிலம்பூரில் இறங்குவது என்று கிளம்பியிருக்கிறேன். இந்த வழி முழுக்க மலை சரிந்த இடங்கள். மனதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மலை ஏன் சரிகிறது? சரிந்த இடத்தில் மனிதர்கள் ஏன் இருந்தார்கள்? இரண்டும் வேறு வேறு கேள்விகள். "பேய்மழை பெய்தது" என்ற ஒரே பதிலில் இரண்டையும் மூடிவிடுகிறோம்.

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். பர்லியாற்றில் பஸ் நின்றபோது இறங்கி, அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரமாக மரப்பாலம் நோக்கி நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கும்போது பள்ளத்தாக்கின் அழகுதான் கண்ணில் படும். நடந்து போனால் மறுபக்கம், அதாவது மலையை வெட்டிய பக்கம், தோளுக்கு அருகில் வந்துவிடுகிறது. சில இடங்களில் வெட்டு மூன்று ஆள் உயரம். மேலே மரத்தின் வேர்கள் மண்ணைவிட்டு வெளியே வந்து காற்றில் தொங்குகின்றன.

ஒரு சரிவின் அடிப்பகுதிதான் மேலே உள்ள மண் முழுவதையும் தாங்கி நிற்கிறது. அதை ரோட்டுக்காக வெட்டி எடுத்தால் மேலே உள்ளது தன் பழைய சாய்வைத் தேடி இறங்கத்தான் செய்யும். அன்றே இறங்க வேண்டும் என்றில்லை. பத்து மழைக்காலம் தாங்கும், பதினோராவதில் விழும். குன்னூர் மலையில் இந்த வெட்டு ஒன்றல்ல, இரண்டு. 1899-ல் திறந்த மலை ரயில் பாதை ஒன்று, ரோடு மற்றொன்று. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் மேலும் கீழுமாக ஏறுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாதையில் மண் விழுந்து ரயில் ரத்து என்ற செய்தி வராத ஆண்டு அபூர்வம்.

வழியில் ஒரு டீக்கடை. கடைக்கார அக்காவிடம் மழைக்காலம் எப்படி என்று கேட்டேன். "மழை பெருசா பேஞ்சா பயம் இல்லீங்க. பேஞ்சுக்கிட்டே இருக்கும்போது ஓடை மட்டும் சத்தம் அடங்குச்சுன்னா அப்பத்தான் பயம். மேல எங்கயோ அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தம். உடனே எந்திருச்சு போயிருவோம்" என்றார். நிபுணர்கள் கையேட்டில் எழுதியிருப்பதும் இதுதான். கொட்டுகிற மழையில் ஓடையின் நீர் திடீரெனக் குறைவது, தெளிந்த நீர் செம்மண் நிறமாவது, மரங்களும் கம்பங்களும் சாய்வது, கதவு சட்டத்தில் இறுகிக்கொள்வது எல்லாம் மலை நகரத் தொடங்கியதன் அடையாளங்கள். அக்காவுக்குக் கையேடு தேவைப்படவில்லை.

புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். சுவரில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் பல மண்ணடைத்துக் கிடக்கின்றன. இந்தத் துளைகள் அடைந்தால் சுவர் மண்ணை மட்டுமல்ல, அதன் பின்னால் தேங்கிய நீரையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஒரு கம்பியை விட்டுக் குத்தினாலே திறந்துவிடும். அதைச் செய்ய ஆள் போடுவது சுவர் கட்டும் செலவில் எத்தனை சிறிய பங்கு! இதைப் பார்த்தபோது வருத்தம் தாங்கவில்லை.

திங்கள், கேத்தி

குன்னூரிலிருந்து காலையிலேயே கேத்திப் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டுத் தோட்டங்கள் படிப்படியாக இறங்குகின்றன. நடுநடுவே தேயிலை. முகட்டில் வரிசையாக ஹட்டிகளின், அதாவது படுகர் ஊர்களின், வீடுகள்.

2009 நவம்பர் 10 அன்று இந்தக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சராசரியாக 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது என்றால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. அச்சனக்கல் போன்ற ஊர்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டோடு புதைந்தார்கள். 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இங்கே மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நீலகிரியின் அடிப்பாறை சார்னகைட் என்ற மிகக் கடினமான பாறை. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டு மழையிலும் வெயிலிலும் அதன் மேல்பகுதி மக்கி, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகிவிட்டது. மேலே கறுப்பு மண். அதற்குக் கீழே செம்மண். அதற்கும் கீழே, பாறைக்கு மேலே, மஞ்சளும் வெளுப்புமான ஒரு களிமண் அடுக்கு. ரோடு வெட்டிய ஓர் இடத்தில் இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். கீழடுக்கைக் கையில் எடுத்து நசுக்கினால் ஈரச் சோப்பைப்போல வழுக்குகிறது.

மழைநீர் கறுப்பு மண்ணையும் செம்மண்ணையும் தாண்டி இறங்குகிறது. களிமண்ணிலும் அதன் அடியில் உள்ள பாறையிலும் மேற்கொண்டு இறங்க முடியாமல் தேங்குகிறது. தேங்கத் தேங்க, மண் துகள்களுக்கு நடுவே உள்ள நீரின் அழுத்தம் ஏறுகிறது. ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டிருந்த துகள்களை அந்த அழுத்தம் விலக்குகிறது. பிடி விட்ட இடத்தில் மேலே உள்ள எடை முழுவதும் ஒரே மூச்சில் கிளம்புகிறது. மண் சரிவு பெரும்பாலும் மழையின் முதல் மணி நேரத்தில் வராமல், நாலைந்து நாள் நனைந்து ஊறிய மலையில் ஒரு பெரிய மழை விழும்போது வருவது இதனால்தான்.

அப்படியானால் மழையும் மண்ணும்தான் காரணம், மனிதனுக்குப் பங்கில்லை என்று சொல்லலாமா? ஒரு தோட்டத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவரோடு அரைமணி நேரம் பேசினேன். வரப்பில் உட்காரச் சொல்லி, கழுவிய கேரட் இரண்டு கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னது:

"தண்ணி நின்னா கேரட் அழுகிடும் தம்பி. அதனால வாய்க்காலை மேலருந்து கீழ நேரா விடறாங்க. அப்படி விட்டா தண்ணி போயிரும், கூடவே மண்ணும் போயிரும். எங்க அப்பா காலத்துல சரிவுக்குக் குறுக்க, கொஞ்சமா சாய்ச்சு விடுவாங்க. வேலை ஜாஸ்தி. இப்ப குத்தகைக்கு எடுக்கறவங்க ரெண்டு போகம் எடுத்துட்டுப் போறவங்க. வரப்பு எப்படிப் போனா அவங்களுக்கு என்ன?"

"ஓடைப் பக்கம் எல்லாம் தோட்டமா இருக்கே ஐயா?"

"முந்தி ஓடை ரெண்டு பக்கமும் காடு விட்டிருப்போம். விலை ஏறுன வருஷம் ஒவ்வொரு கெஜமா உள்ள வந்துட்டோம்."

'வந்துட்டாங்க' என்று சொல்லாமல் 'வந்துட்டோம்' என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இன்னொன்றையும் அவரே காட்டினார். எதிர்ச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் கான்கிரீட் வீடுகள். பாதாளச் சாக்கடை கிடையாது. குளித்த நீர், சமையலறை நீர், கழிவறைக் குழி எல்லாம் மலைக்குள்ளேதான் இறங்குகின்றன. மழை இல்லாத மாதங்களிலும் சரிவின் வயிறு ஈரமாகவே இருக்கிறது. மலையில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது, மண் தோண்டும் எந்திரம் ஓட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றெல்லாம் நீலகிரியில் விதிகள் உண்டு. நல்ல விதிகள்தான். ஆனால் சரிவை ஆழமாக வெட்டி, பின்பக்கம் ஒரு மாடி முன்பக்கம் மூன்று மாடி என்று எழும் கட்டடத்தில் உயரத்தை எங்கிருந்து அளப்பது? மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயகரமானவை என்று அடையாளம் கண்டு மழைக்காலத்தில் கண்காணிக்கிறது. கண்காணிப்பதோடு நிற்காமல், அந்த இடங்களின் தலைமாட்டில் புதிதாக ஒரு செங்கல்கூட ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை.

மாலையில் ஒரு பழைய சரிவுத் தழும்புக்குப் போனேன். 2009-ல் சரிந்தது என்றார்கள். இன்னும் மரம் வரவில்லை. உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரக் கன்றுகளும்தான் மண்டிக் கிடக்கின்றன. மேல் மண் போய்விட்டால் அதோடு விதையும் புழுவும் வேரோடு வாழும் பூஞ்சையும் போய்விடுகின்றன. மிஞ்சிய மஞ்சள் களிமண்ணில் சோலை மரம் தானாக முளைக்காது. ஒரு விரற்கடை மேல் மண் உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும். சரிவு அதைச் சில நொடிகளில் எடுத்துப்போய்விடுகிறது.

போன மண் எங்கே? கேத்தித் தண்ணீரும் குந்தா ஆற்றுத் தண்ணீரும் கடைசியில் பவானியில் சேருகின்றன. குந்தாத் தண்ணீர் வந்து சேரும் பில்லூர் அணையில் வண்டல் ஏறிக் கொள்ளளவு குறைந்துகொண்டே வருவது கோவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்த அணையின் தண்ணீர். குந்தாப் பக்கத்துச் சரிவில் வாய்க்காலை நேராக விட்டால் கோவையில் குடிநீர் குறைகிறது.

செவ்வாய், எமரால்டு - அவலாஞ்சி

இன்று நான் நினைத்து வைத்திருந்த கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் அவலாஞ்சியில் ஒரு நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை, மறுநாளும் அதே அளவில். நாடே திரும்பிப் பார்த்த மழை அது. அதன் தழும்புகள் மலைமுகட்டில் இன்னும் செம்மண் கோடுகளாகத் தெரிகின்றன. வனத்துறை வண்டியில் போகும்போது நான் பார்த்த பல தழும்புகள் தோட்டத்திலோ ரோட்டோரத்திலோ இல்லை. புல்வெளியிலும் சோலைக்காட்டின் விளிம்பிலும் இருக்கின்றன. அங்கே யாரும் வெட்டவில்லை, கட்டவில்லை.

ஆகவே, எல்லாச் சரிவுக்கும் மனிதனே காரணம் என்று எழுதுவது உண்மையாகாது. மலை என்று ஒன்று இருந்தால் சரிவும் இருக்கும். பள்ளத்தாக்குகள் உருவானதே அப்படித்தான். ஓடைகளுக்குக் கல்லும் மணலும் வந்ததும் அப்படித்தான். சோலைக்கு நடுவில் எப்போதாவது ஒரு சரிவு விழுந்து, அதில் புல் முளைத்து, பிறகு புதர் வந்து, கடைசியில் மரம் வருவது காட்டின் இயல்பான சுழற்சி. சுற்றிலும் காடு இருக்கும்வரை தழும்பு ஆறும்.

ஆனால் அந்தச் சுற்றிலும் இருக்க வேண்டிய காடு இங்கே மாறிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்த சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) புல்வெளிகளில் பரவிக் கிடக்கின்றன. புல்வெளியும் சோலையும் சேர்ந்து மழையை வாங்கி, பள்ளத்துச் சதுப்பில் தேக்கி, மெதுவாக விடும். நீலகிரி ஆறுகள் கோடையிலும் ஓடுவது இந்த ஏற்பாட்டினால். சீகைக்கு ஆழமான வேர் கிடையாது. நனைந்த மண்ணில் ஒரு மரம் சாய்ந்தால் பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. விழுந்த மரங்கள் ஓடையை அடைக்கின்றன. அடைப்பு உடைந்தால் தண்ணீரும் மரமும் பாறையும் சேர்ந்து ஒரு சுவராகக் கிளம்பும். அந்நிய மரங்களை எடுத்துவிட்டுப் புல்லை மீட்கும் வேலை சில இடங்களில் நடக்கிறது. அதையும் ஒரேயடியாக வெட்டிச் சரிவை மொட்டையாக்கிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். செத்த மரத்தின் வேர் மக்கும்வரைதான் மண்ணைப் பிடிக்கும். நான்கைந்து ஆண்டில் அந்தப் பிடியும் போய்விடும்.

இங்கே மலை சரிந்தும் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. கீழே வீடுகள் இல்லை என்பதுதான் காரணம்.

புதன், கூடலூர்

பைக்காரா, நடுவட்டம் வழியாக இறங்கினேன். கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் இந்தப் பக்கத்துக்குத் தென்மேற்கு. குன்னூர்க்காரர்கள் ஐப்பசியில் பயப்படுவார்கள், கூடலூர்க்காரர்கள் ஆடியில்.

இங்குள்ள சிக்கல் வேறு மாதிரி. 2024 மழையில் கூடலூர் அருகே கோக்காலில் வீட்டுச் சுவர்களும் தரையும் பிளந்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் வந்து ஆராய்ந்தார்கள். மலை ஒரேயடியாக விழாமல், வீடுகளோடு சேர்ந்து மெல்ல நகர்வதும் உண்டு. யாரும் சாவதில்லை என்பதால் இது தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டில் விரலை நுழைக்கும் அளவுக்கு விரிசல் விழுந்தால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? வாங்க ஆள் கிடையாது, வங்கிக் கடனும் கிடைக்காது. பட்டா இல்லாத ஜென்மம் (பழைய ஜமீன் உரிமை) நிலத்தில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். நிலமே உன்னுடையதில்லை எனும்போது மாற்று நிலம் எந்தக் கணக்கில் கேட்பது?

மதியம் பந்தலூர், சேரம்பாடி வழியாக வயநாட்டுக்குப் பஸ் பிடித்தேன்.

வியாழன், சூரல்மலை

எழுதுவதற்கு மிகவும் தயங்கிய நாள் இது.

மேப்பாடியிலிருந்து ஆட்டோவில் வந்தேன். வழியில் புத்துமலை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அங்கே மலை சரிந்து 17 பேர் போனார்கள். 2024 சூரல்மலைச் சரிவில் இறந்தவர்களில் யார் என்று தெரியாதவர்களையும், உடலின் ஒரு பகுதி மட்டுமே கிடைத்தவர்களையும் அடக்கம் செய்திருப்பதும் அதே புத்துமலையில்தான். பெயருக்குப் பதிலாக டி.என்.ஏ. மாதிரியின் எண்கள் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றில் பிறகு உறவினர்கள் வந்து பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மதத்துக்காரர்களும் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். ஆட்டோ ஓட்டிய சேட்டன் இறங்கி ஒரு கல்லின் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

2024 ஜூலை 30 அதிகாலை. 48 மணி நேரத்தில் 572 மி.மீ. மழை பெய்திருந்தது. வெள்ளரிமலையில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள், சரிவு கிளம்பியது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படக் கணக்கில் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்தது. ஏற்கெனவே அங்கே ஒரு பழைய சரிவின் தழும்பு இருந்தது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்று, சாலியாற்றில் போய்ச் சேரும் புன்னப்புழை ஆற்றின் வழியே சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. மேலே குறுகலான பள்ளத்தில் மரமும் பாறையும் அடைத்து, தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்ததால் வேகம் பல மடங்கானது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். கிடைக்காமலே போனவர்களும் உண்டு.

ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவு ஒன்றரை நாளுக்குள் கட்டிய 190 அடி பெய்லி பாலம் (ஆயத்த இரும்புப் பாகங்களைப் பூட்டிக் கட்டுவது) இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று மேலே பார்த்தேன். ஓடை என்று சொல்லத்தக்க அளவில் இருந்த புன்னப்புழை இப்போது அகன்ற பாறைக்காடாகக் கிடக்கிறது. லாரி அளவு, வீட்டளவு பாறைகள். கரையோர மரங்கள் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் தேயிலை பச்சையாக இருக்க, நடுவில் மட்டும் மலையின் உள்சதை தெரிகிறது. ஓடைக்கரைக் காடு போனால் நிழல் போகும், நிழல் போனால் நீர் சூடாகும். தவளைகளும் மீன்களும் கூழாங்கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகளும் அந்தச் சூட்டைத் தாங்காது. வேறெங்கும் இல்லாத பல தவளைகளும் மீன்களும் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு ஓடை போவது சிறிய இழப்பல்ல.

என் முதல் கேள்விக்கு இங்கே பதில் ஓரளவு தெளிவு. சரிவு கிளம்பிய இடம் காடு. கல்குவாரியும் ரிசார்ட்டும் மலையை எவ்வளவோ கெடுத்திருக்கின்றன. 2011-ல் மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலையில் எதை எங்கே செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததைக் கேட்டிருந்தால் எத்தனையோ இடங்கள் தப்பியிருக்கும். ஆனால் இந்த ஒரு சரிவின் தலைப்பகுதிக்குப் பக்கத்துக் குவாரியைக் காரணம் காட்டுவது கடினம். ஊறிய மலையும் கனத்த மழையுமே நேரடிக் காரணம். அந்த மழை புவி வெப்பமாதலால் சுமார் 10 சதவீதம் கூடியிருக்கிறது என்று வானிலை விஞ்ஞானிகளின் பன்னாட்டுக் குழு ஒன்று கணக்கிட்டது. அந்த வகையில் மனிதனின் கை இங்கும் உண்டு. அது தொலைவில் இருக்கும் கை.

இரண்டாவது கேள்விதான் நெஞ்சை அறுக்கிறது. இதே முண்டக்கையில் 1984-ல் மலை சரிந்து 14 பேர் இறந்தார்கள். 2019-ல் பக்கத்துப் பள்ளத்தில் புத்துமலை. மலை இரண்டு முறை சொல்லிவிட்டது. தேயிலைத் தோட்டம் போட்ட காலத்தில் விளைச்சலுக்கு ஏற்ற சரிவுகள் செடிக்குப் போயின. தொழிலாளருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஓடைப் பக்கத்தில் வரிசை வீடுகளான பாடிகளைக் கட்டினார்கள். நம் பக்கம் லயம் என்கிறோம், வயநாட்டில் பாடி. கூலிக்காரனின் வீடு பள்ளத்தில்தான் இருக்கும். அந்தப் பாடிகளைச் சுற்றித்தான் பிறகு கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் கோயிலும் மசூதியும் வளர்ந்தன. இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களும் உண்டு.

இதைப் பார்க்கும்போது 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் புதைந்த 70 பேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரும்பாலானவர்கள் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பங்கள். அங்கும் ஓடை, அங்கும் ஓடைக்கரையில் லயம். மலையைத் தேயிலைக்கு எப்படிப் பங்கு போட்டார்கள் என்பது அன்றே முடிவான விஷயம். அதற்கான உயிர் விலையை ஒரு நூற்றாண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

பாலத்தருகே சில இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பதில் தவறில்லை, ஆவணம் வேண்டும். ஆனால் அந்தப் பாறைகளின் மேல் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். சொந்தக்காரர்களின் உடல் கிடைக்காதவர்கள் இன்னும் இந்த ஊரில் கடை வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி, கல்பெட்டா

எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தில், சூரல்மலைச் சரிவில் வீடிழந்தவர்களுக்கான புது வீடுகளுக்கு 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். தொலைவிலிருந்து பார்த்தேன். ஏழு சென்ட் மனையும் வீடும் பெரிய ஆறுதல்தான். ஆனால் காபியும் ஏலமும் வைத்திருந்த கை அங்கே என்ன செய்யும் என்ற கவலையும் இருக்கிறது.

இன்றைக்கு எழுத வேண்டியது மழைமானிகளைப் பற்றி. கல்பெட்டாவில் ஹியூம் மையம் என்ற ஆய்வு நிறுவனம் வயநாடு முழுக்க 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளின் வலையை நடத்துகிறது. அளவைக் குறித்து அனுப்புகிறவர்களில் விவசாயிகளும் தோட்டக்காரர்களும் உண்டு. 2024 ஜூலை 29 அன்றே, சரிவுக்குப் பல மணி நேரம் முன்னால், முண்டக்கைப் பக்கத்து மழை ஆபத்தான அளவைத் தொடுகிறது என்று இந்த மையம் நிர்வாகத்துக்குச் சொல்லியிருந்தது. மேல்பகுதியிலிருந்து சில குடும்பங்கள் முன்னாலேயே இடம் மாறியதால் பிழைத்தன. கீழே சூரல்மலைக் கடைத்தெரு வரை வரும் என்பதுதான் கணக்கில் இல்லை. அபாய வரைபடங்கள் மலை எங்கே சரியும் என்று நிறம் தீட்டிக் காட்டுகின்றன. சரிந்தது எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அவ்வளவாகக் காட்டுவதில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் சரிவு கிளம்பிய இடத்தில் இல்லை, ஓடிய வழியில் இருந்தார்கள்.

மலையில் மழை ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்குமே மாறும். மாவட்டத்துக்கு ஓர் எச்சரிக்கை நிறம் என்பது போதாது. ஒரு மழைமானி பெரிய விலை இல்லை. கோக்காலுக்கும் கேத்திக்கும் கோத்தகிரிக்கும் இப்படியொரு வலையை நம் கல்லூரிகளும் பள்ளிக்கூடங்களும் சேர்ந்தே போட முடியும்.

சனி, போத்துகல்லு

நாடுகாணி வழியாகக் காட்டுக்குள் இறங்கி நிலம்பூர், அங்கிருந்து போத்துகல்லு. வெயில் காய்கிறது.

முதலில் கவளப்பாறை. புத்துமலை சரிந்த அதே 2019 ஆகஸ்ட் 8 அன்று முத்தப்பன் குன்று இங்கே சரிந்து 59 பேர் இறந்தார்கள். ரப்பர் மறுநடவுக்காகச் சரிவில் எந்திரம் வைத்துக் குழி தோண்டியதும், சிறு நீரோடைகளின் வழியை மூடியதும் இதில் பங்கு வகித்ததாக ஆய்வாளர்கள் சுட்டினார்கள். இது அவலாஞ்சி மாதிரி இல்லை, கேத்தி மாதிரி. தண்ணீர் வெளியேற இருந்த வழியை அடைத்து, உள்ளே இறங்க வழி வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு முண்டேரி, சாலியாற்றங்கரை. சூரல்மலையில் போனவர்களில் பலரின் உடல்கள் இந்த ஆற்றில்தான் கிடைத்தன. காட்டுக்குள் அருவிகளைத் தாண்டி, பாறைகளில் மோதி, வேறொரு மாவட்டத்தில் கரை ஒதுங்கினார்கள். தேடி எடுத்தவர்களில் ஆற்றுக்கு அப்பால் உள்ள ஆதிவாசிக் குடியிருப்பு மக்களும் உண்டு. 2019 வெள்ளத்தில் இருட்டுக்குத்திப் பாலம் அடித்துப் போனபின் ஆண்டுக்கணக்கில் மூங்கில் தெப்பத்தில் ஆற்றைக் கடந்தவர்கள் அவர்கள். மேலே ஒரு மலை சரிந்ததும் அதன் பாரத்தை முதலில் கையில் ஏந்தியது அவர்கள்தான். எந்த நிவாரணப் பட்டியலிலும் இந்த உழைப்புக்கு ஒரு வரி இல்லையே என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

ஆற்றின் படுகை உயர்ந்திருக்கிறது. மேலிருந்து வந்த மணலும் கல்லும் ஆழமான கயங்களை நிரப்பிவிட்டன. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சேட்டனிடம் என் அரைகுறை மலையாளத்தில் மீன் எப்படி என்று கேட்டேன். "கயம் இருந்தாத்தானே பெரிய மீன் நிக்கும்?" என்று அவர் தமிழிலேயே பதில் சொன்னார். கோவையில் வேலை பார்த்தவராம். படுகை உயர்ந்த ஆற்றில், முன்பு கரைக்குள் அடங்கிய வெள்ளம் இனி கரையைத் தாண்டும். இந்த வண்டல் பேப்பூரில் கடலைச் சேரப் பல மழைக்காலம் ஆகும்.

பெயர்ந்து வந்த பாறையும் மண்ணும் எல்லாம் கீழே வந்துவிடவும் இல்லை. வெள்ளரிமலைச் சரிவில் இன்னும் தளர்ந்து கிடக்கிறது. 2025 ஜூன் மழையில் புன்னப்புழை மறுபடி கலங்கிப் பெருகி வந்தபோது சூரல்மலைக்காரர்கள் நடுங்கிப்போனார்கள். அந்த நீர் இங்கும் வந்தது.

இந்த ஆற்றங்கரைக்கு வேண்டியது எளிய விஷயம். மேலே சூரல்மலையில் நீர் கலங்கினால் அது முண்டேரிக்கு எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்று அளந்து வைக்க வேண்டும். மேலே இருப்பவர் கீழே யாரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு மாவட்டத்திலும் பெயரும் எண்ணும் எழுதி ஒட்ட வேண்டும். ஆற்றுக்கு அப்பால் செல்போன் கோபுரம் எட்டாத குடியிருப்புகளில் ஒரு சைரன் வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரம் கேரளத்தைத் தொடும். அதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது.